குறைக்கப் போய்க் கூட்டிய காற்று

மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டிலேயே ஏலக்காயைத் தரம் பிரித்து போடி வியாபாரிகளுக்குக் கொடுக்கிறோம். சல்லடைகளில் ஒட்டும் தூசியை ஊதுவதற்காகச் சிறிய ஏர் கம்ப்ரசர் ஒன்று வாங்கினேன்.

முதல் நாளே என் மனைவி, "காத்து ரொம்ப வேகமா அடிக்குது, காயும் சேந்து பறக்குது. கொஞ்சம் குறைங்க" என்றாள். அழுத்தத்தை மாற்றும் ரெகுலேட்டர் குமிழை வலப்பக்கம் திருகினேன். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை அப்படித்தானே அடைக்கிறோம்? சீறல் கூடியது. இன்னும் இறுக்க வேண்டும்போல என்று மேலும் திருகினேன். இதற்குள் காய்கள் சிதறியதைப் பார்த்துப் பதறி, "ஏம்மா, நாலு காய் போச்சு, எடு" என்றேன்.

"நாலு காய்க்கு என் உசுரை வாங்குறீக" என்று, குழாய் முனையில் மாட்டியிருந்த காற்று ஊதும் துப்பாக்கியைப் பலகையில் வைத்துவிட்டுக் குனிந்தாள். அந்த நொடியில் ரப்பர் குழாய் துப்பாக்கியிலிருந்து பிடுங்கிக்கொண்டு, குனிவதற்கு முன் அவள் முகம் இருந்த உயரத்தில் சுழன்று சுவரில் அறைந்தது. ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தேன்.

கம்ப்ரசருடன் வந்த குறிப்பை அதன் பிறகுதான் படித்தேன். வலப்பக்கம் திருகினால் அழுத்தம் கூடுமாம், குறைக்க இடப்பக்கம்.

இப்போது தினமும் குமிழை இடப்பக்கம் முழுதும் தளர்த்திவிட்டுத்தான் மோட்டாரைப் போடுகிறேன். அழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறேன். குழாயைத் தொடுவதென்றால், மோட்டாரை நிறுத்திக் காற்று முழுவதையும் வெளியேற்றிய பிறகுதான். மாலையில் கம்ப்ரசர் டேங்கின் அடியில் காற்றின் ஈரத்தால் சேரும் தண்ணீரையும் வடித்துவிடுகிறேன்.

காய்களை எண்ணும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. என் மனைவியும் முன்போல முணுமுணுப்பதில்லை. "இன்னைக்கு எத்தனை காய் கீழ விழுந்துச்சு?" என்று அவளே கேட்டுக் குனிகிறாள்.