வெட்டி எடுத்த மூச்சு

“அப்போ நாளைக்கு அவன் என்ன சொல்றான்?”

“மழை வரும்னு சொல்லட்டும்.”

“நேத்தும் அதைத்தானேம்மா சொன்னான்?”

“நேத்துதான் மழை வரலையே சார். இன்னொரு தடவை சொன்னா என்ன? வானிலைக்காரங்க தினமும் சொல்லலையா?”

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் இருவருமே தரையைப் பார்த்தார்கள்.

இது இட்டுக்கட்டியதில்லை. அன்று அந்த வானொலி நிலையத்தில் வேலையில் இருந்த யாரைக் கேட்டாலும் முக்கால்வாசியைச் சொல்லிவிடுவார்கள். மீதிக் கால்வாசியை அறிந்தவள் இங்கே பேசிய பெண் ஒருத்திதான். அந்தக் கால்வாசியை அவள் சொன்ன பிறகு நான் வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்வதில்லை.

அவர்கள் பேசியது அவளுடைய அண்ணனைப் பற்றி. காலை ஆறு மணிக்கு ஊரை எழுப்பும் அறிவிப்பாளன். அதனால் நிலையத்தில் எல்லோருக்கும் அவன் ‘கோழி’. அவளுக்கு அங்கேயே ஒலித்தொகுப்பு வேலை. பேச்சில் வரும் இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டி எறிவாள். அதனால் ‘கத்திரி’. எதிரில் நின்றவர் ஒலிபரப்பு அறை ஆபரேட்டர். குனியாமல் எந்த வாசலிலும் நுழைய முடியாத உயரம். அவர் ‘ஆண்டெனா’.

கோழி ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்தான். நிமோனியா. தொண்டைக்குள் குழாய். அவனுக்காக வென்டிலேட்டர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இது அம்மாவுக்குத் தெரியாது. இதய ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்தாள். அதிர்ச்சி தரும் எதையும் சொல்லக் கூடாது, தாங்க மாட்டாள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். “அண்ணனுக்கு நிலையத்துலயே தங்கி வேலை” என்று கத்திரி சொல்லி வைத்தாள். அம்மாவும் நம்பினாள். ஏன் நம்ப மாட்டாள்? தினமும் காலை ஆறு மணிக்குத் தலைமாட்டு ரேடியோவில் மகன் பேசினானே.

பேச வைத்தவள் தங்கை. பழைய பதிவுகளிலிருந்து ஒரு ‘வணக்கம்’, ஒரு ‘இன்று’, ஒரு ‘மழை’ என்று பொறுக்கி எடுத்து, ஒட்டி, தினமும் ஐந்து நிமிடப் பேச்சு தயார் செய்தாள்.

சொற்கள் ஒட்டிக்கொள்ளும். மூச்சுதான் காட்டிக்கொடுக்கும். அவசரமாகப் பேசிய நாளின் மூச்சும் நிதானமாகப் பேசிய நாளின் மூச்சும் அடுத்தடுத்து வந்தால் ஒட்டு தெரிந்துவிடும். அதனால் எல்லா மூச்சையும் வெட்டினாள். வெட்டிய துண்டுகள் கணினியில் ‘குப்பை’ என்ற பெட்டியில் போய் விழும். வியாழக்கிழமை தோறும் மாலை ஐந்து மணிக்கு ஆண்டெனா தன் அறையில் இருந்தபடியே அந்தப் பெட்டியைக் காலி செய்வார். பெட்டி காலியானால், அதிலிருந்து எடுத்து ஒட்டியதும் சேர்ந்தே அழிந்துவிடும்.

அன்று வியாழக்கிழமை.

காலையில் அவள் புறப்படும்போது அம்மா கேட்டிருந்தாள். “என்னடி, உங்கண்ணன் மூச்சே விடாமப் பேசுறான்?”

“அஞ்சு நிமிஷத்துல முடிக்கணும்லம்மா.”

“முடிக்கட்டும். அதுக்காக? மூச்சு விட்டுப் பேசச் சொல்லு.”

மதியம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். “குழாயை எடுத்துட்டோம்க்கா. சொந்தமா மூச்சு விடுறார்!”

கத்திரி மேசையில் தலை வைத்து அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாளின் பேச்சை ஒட்ட உட்கார்ந்தாள். இன்னும் நாலைந்து நாள் சமாளித்தால் போதும். அப்புறம் அவனே வந்து பேசுவான்.

தொகுப்பு அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பகலும் இரவும் ஒன்றுதான். சுவரில் சிவப்பு எண்கள் ஓடும் கடிகாரம். மூன்று மணி தாண்டியிருந்தது.

ஒட்டி முடித்துக் கேட்டுப் பார்த்தாள்.

“வணக்கம். இன்று…”

ஹ்ஹ்ஹ்…

நிறுத்தினாள். அந்த இடத்தில் மூச்சு இருக்கக் கூடாது. வெட்டியாகிவிட்டது. திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒலி அலையில் ஒரு சின்ன மேடு. வெட்டினாள்.

மறுபடி ஓடவிட்டாள்.

“…பரவலாக மழை…”

ஹ்ஹ்ஹ்…

இந்தத் தடவை வேறு இடம். உற்றுக் கேட்டாள். சளி கட்டிய, ஈரமான மூச்சு. முடியும்போது மெல்லிய விசில். பழைய பதிவுகளில் அவன் கல்லு மாதிரி இருந்தான். இப்படி ஒரு மூச்சை அவன் மைக் முன்னால் விட்டதே இல்லை.

அதையும் வெட்டினாள். அடுத்ததையும்.

போன் அடித்தது. நர்ஸ். குரலில் பழைய உற்சாகம் இல்லை.

“அக்கா, பயப்படாதீங்க. நடுவுல மூணு தடவை மூச்சு நின்னு வந்துச்சு. டாக்டர் வந்துட்டிருக்கார்.”

“மூணு தடவையா?”

“ஆமா. இப்போ பரவாயில்ல.”

போனில் நர்ஸுக்குப் பின்னால் மானிட்டர் சத்தம் கேட்டது. பீப்… பீப்… திரையில் நான்காவதாக ஒரு மேடு முளைத்திருந்தது. பல வருடப் பழக்கம். போனைக் கேட்டபடியே விரல் தானாக அழுத்தியது. வெட்டு.

பீஈஈஈஈ…

“ஐயோ, மறுபடி நின்னுடுச்சு! டாக்டர்!”

கத்திரி திரையைப் பார்த்தாள். தன் விரலைப் பார்த்தாள். வெட்டியதை அப்படியே பழைய இடத்தில் வைத்தாள்.

பீப்… பீப்… பீப்…

“வந்துடுச்சு… வந்துடுச்சுக்கா.”

நிஜந்தானா என்று இன்னொரு முறை வெட்டிப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. யாருக்குத்தான் வரும்?

குப்பைப் பெட்டியைத் திறந்தாள். ஒரு வாரத்து மூச்சு. நூற்றுக்கணக்கில் கிடந்தன. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே… இத்தனை நாள் அவனுக்காக இயந்திரம் மூச்சு விட்டது. இன்றுதான் அவனுக்கு அவனுடைய மூச்சு தேவைப்பட்டது.

“போனை வைக்காதீங்க சிஸ்டர். கெஞ்சிக் கேக்குறேன். வைக்காதீங்க.”

ஒவ்வொன்றாக எடுத்தாள். எங்கே வைப்பது என்று பார்க்கவில்லை. ‘வணக்க’த்துக்கும் ‘மழை’க்கும் நடுவே. ‘மழை’க்குப் பின்னால். கிடைத்த இடத்தில். வைத்தாள்… வைத்தாள்… வைத்துக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, முகத்துல நிறம் வருது.”

வைத்தாள்.

“விரலை அசைக்கிறார்!”

“அண்ணா… இருண்ணா… இன்னும் கொஞ்சம்தாண்ணா…” பாதிகூட ஆகவில்லை. மணிக்கட்டு மரத்துப் போயிருந்தது. நேரம் போனதே தெரியவில்லை.

சுவரில் ஒரு பச்சை விளக்கு மின்னியது. ஒலிபரப்பு அறையிலிருந்து கூப்பிடுகிறார்கள்.

தலையைத் தூக்கினாள்.

4:59.

வியாழக்கிழமை.

“சார்! வேணாம் சார்!”

கத்தினாள். எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காதபடி கட்டிய அறை அது. கதவை நோக்கிப் பாய்ந்தாள். கனத்த கதவு. அதற்கப்பால் இன்னொரு கனத்த கதவு.

முதல் கதவில் கை வைத்தபோதே ஸ்பீக்கர் கரகரத்தது.

“கத்திரி… குப்பை காலி. இனி உன் மெஷின் பறக்கும் பாரு!”

திரும்பினாள்.

பெட்டி காலியாக இருந்தது.

திரையில் அதுவரை ஒட்டியிருந்த அலை, மேடு பள்ளம் இல்லாமல், ஒரே கோடாகப் படுத்துக் கிடந்தது.

போனில்…

பீஈஈஈஈஈஈஈ…

நர்ஸ் போனை வைத்துவிட்டாள்.

உடலைக் காலையில்தான் தருவோம் என்றார்கள். அம்மாவிடம் போனில் “ராத்திரி வேலை இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு அவள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆண்டெனா இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டாவது முறை எடுத்தாள். “நாளைக்கு ஆறு மணிக்கு என்னம்மா போடட்டும்?” என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது. “எதாவது வாத்தியம் போடுங்க சார்” என்றாள்.

விடிந்ததும் பஸ் பிடித்தாள். அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வழி முழுக்க யோசித்தாள். ஆறு மணி. டிரைவர் தலைக்கு மேல் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. வீணை. அவள் இறங்கும்வரை வீணைதான். அவள் காதால் கேட்டாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தாள். அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ரேடியோ. பல நாளாகப் பார்க்காத வெளிச்சம் அந்த முகத்தில்.

“வந்துட்டியா? நான் சொன்னதை அவன்கிட்ட சொல்லிட்ட போல.”

“எதைம்மா?”

“மூச்சு விட்டுப் பேசச் சொன்னேனே. இன்னிக்குத்தான்டி நிம்மதியா மூச்சு விட்டான்.”

கத்திரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். “இன்னிக்கு… வீணைதானேம்மா போட்டாங்க?”

“வீணையா? என்னடி உளர்ற? அரை மணி நேரமா நான் கேட்டுட்டே இருக்கேன். மூச்சுதான். ஒண்ணு மாத்தி ஒண்ணு. முடியறப்போ விசில் அடிக்கும், தெரியுமா? சளி பிடிச்சா சின்னப் பிள்ளையிலயே அவனுக்கு அப்படித்தான்.”

அம்மா அவள் கையைப் பிடித்து அருகில் இழுத்தாள்.

“ஆனா ஒரு வார்த்தை பேசலடி. ஊருக்கெல்லாம் வணக்கம் சொல்றவன், எனக்கு ஒண்ணும் சொல்லல. நாளைக்காவது… பெருசா எதுவும் வேணாம். ‘அம்மா’ன்னு ஒரே ஒரு தடவை சொல்லச் சொல்லு. சொல்றியா?”