குடும்ப அட்டைக்கு ஒரு லிங்க்

என் அண்ணனை எனக்குப் பிடிக்காது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

இலங்கைத் தோட்டத்திலிருந்து அப்பா கொண்டுவந்த கடவுச்சீட்டும், தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையும் அவர் இறந்ததும் அண்ணனிடம் போயின. சேரம்பாடியில் தோட்டத் தொழிலாளர் வரிசையில் இருந்த அவன் லயத்து வீட்டில் ஒரு தகரப்பெட்டி, அதற்கொரு பூட்டு. எங்களில் யார் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவதென்றாலும் அந்த அட்டை வேண்டும். ஆகவே எல்லோரும் அவன் வாசலில் போய் நிற்க வேண்டும். அப்படி நிற்க வைப்பதில் அவனுக்கு அவ்வளவு சுகம்.

என் மகளுக்கு நர்சிங் கலந்தாய்வு வந்தபோது நானும் போய் நின்றேன். குன்னூரிலிருந்து பஸ் மாறி மாறி, கொட்டும் மழையில்.

"சாவிய எங்கயோ வச்சிட்டேன். ஞாயித்துக்கெழம வா."

சாவி அவன் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று ஞாயிறு அலையவிட்டான். நான்காவது ஞாயிறு பெட்டியைத் திறந்தபோது கலந்தாய்வு முடிந்திருந்தது. அந்த வருடம் முழுக்க என் மகள் தேயிலை ஃபேக்டரிக்குக் கூலிக்குப் போனாள். கடவுச்சீட்டுப் படத்தில் அப்பாவின் ஒரு காதைப் பூஞ்சணம் தின்றிருந்தது. பத்திரமாக வைத்திருந்த லட்சணம் அது.

அங்கேயே, அவன் கண்ணெதிரே, ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்தேன். சிக்னல் கிடைக்கும் இடம்வரை நடந்துபோய் கிளவுடில் ஏற்றினேன். தம்பிக்கும் தங்கைக்கும் மட்டும் திறக்கும்படி லிங்க் அனுப்பினேன். அவனுக்கு அனுப்பவில்லை.

"அப்பா காயிதத்த ஊரெல்லாம் பரப்புறியா? எவனாவது நம்ம பேர்ல வந்து நிப்பான்" என்று போனில் கத்தினான்.

"எவன் வந்தாலும் உன்னளவுக்குக் கெடுக்க மாட்டான்" என்றேன்.

அதன்பிறகு யாரும் அவன் வாசலுக்குப் போகவில்லை. தங்கை திருப்பூரில் உட்கார்ந்தபடியே தன் மகனுக்கு விண்ணப்பித்தாள். இ-சேவை மையத்தில் ஐந்து நிமிட வேலை. அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தில் பாதி, அண்ணன் வயிறு எரியும் என்பதுதான்.

வருடங்கள் போயின. இந்த மழைக்கு அவன் கூரை ஒழுகியது. பெட்டிக்குள் இருந்ததெல்லாம் கூழாகிவிட்டதாக அண்ணி சொன்னாள். அடுத்த வாரம், ஒரு காலையில், அந்தப் படங்களைப் பார்க்க அனுமதி கேட்டு என் போனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அண்ணன் மகள். தங்கை அவளுக்கு லிங்கைக் கொடுத்திருக்கிறாள்.

"அத்தை, சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இன்னைக்குத்தான் கடைசி நாள். அப்பா உங்ககிட்ட கேக்க மாட்டேங்கிறாரு" என்று எழுதியிருந்தாள்.

ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நான் அழுத்தவில்லை. அவனே கூப்பிடட்டும், அவன் வாயாலேயே கேட்கட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

ஒரு வருடம் பிந்தி நர்சிங் படித்து முடித்த என் மகள், மதியத்துக்குமேல் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தாள். எதற்கோ என் போனை எடுத்தவள் அதைப் படித்தாள். என்னைக் கேட்காமலே அனுமதி கொடுத்தாள்.

"காலையிலயே வந்திருக்கும்மா. இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அண்ணன் கூப்பிடுவான் என்று காத்திருந்தேன் என்பதை, ஒரு வருடத்தைத் தொலைத்த அவளிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?