கடை அட்வான்ஸும் சிவப்புக் கோடும்

அன்றைக்கு எங்கள் கடை வாசலில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, பக்கத்துக் கடையில் சலூன் வைத்திருக்கும் அண்ணன், அவரிடம் பாதி முகம் மழித்த நிலையில் துண்டோடு எழுந்து வந்துவிட்ட ஒரு கம்பெனி ஆள், அளக்க வந்த சர்வேயர், டேப் பிடித்தவர், பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாக இன்னொருவர். அவ்வளவு பேர்தான். அந்த வரிசையில் மற்ற கட்டடங்களின் ஓனர்கள் காலையிலேயே வந்து அவரவர் சுவர் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். எங்கள் ஓனர் மட்டும் வரவில்லை. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

நான் ஓசூரில் பைக்குகளுக்கு சீட் கவர் தைக்கிறவன். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தேன். கடை இருந்தது பஸ் ஸ்டாண்டிலிருந்து வெளியே போகிற ரோட்டில். ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் கம்பெனி பஸ்ஸும் பெங்களூர் லாரியும் ஷேர் ஆட்டோவும் அங்கே ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். ஊரே அந்த நெரிசலைத் திட்டும். நான் திட்டியதில்லை. நெரிசலில் மாட்டிய பைக்காரன் எவ்வளவு நேரம்தான் முன்னால் நிற்கும் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்ப்பான்? தலையைத் திருப்புவான், என் கடை தெரியும், தன் கிழிந்த சீட்டைத் தடவிப் பார்த்துக்கொள்வான். பாதி வியாபாரம் எனக்கு அப்படி வந்ததுதான்.

அந்த ரோட்டை அகலமாக்கி, அப்படியே நீட்டிக்கொண்டு போய் ரிங் ரோட்டில் சேர்த்துவிட்டால் நெரிசல் தீரும் என்று பல வருடமாகப் பேச்சு. முன்பு யாரோ அளந்துவிட்டுப் போன பழைய கோடுகூட எதிர்ச்சுவரில் வெளிறிப்போய்க் கிடந்தது. அதனால் இந்த முறையும் யாரும் பயப்படவில்லை. என்னைத் தவிர.

நடு ரோட்டில் ஆணி அடித்து, அதிலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டு வந்தார்கள். முன்சுவரில் நின்றுவிடும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. ஷட்டரைத் தாண்டியது. வண்டி நிறுத்தும் இடத்தைத் தாண்டியது. என் தையல் மெஷினுக்கு நேர் மேலே பக்கச்சுவரில் சிவப்புக் கோடு விழுந்தது.

"சார், கோடு உள்ள வருதே?"

"ரோடே உள்ள வருதுப்பா, கோடு வராதா? மெஷினைக் கொஞ்சம் தள்ளு, பெயிண்ட் சொட்டும்," என்றார் சர்வேயர்.

துண்டோடு நின்ற ஆள் என் தோளைத் தட்டினான். "எனக்குப் பாதி மூஞ்சி, உங்களுக்குப் பாதி கடையாண்ணா?"

"நீ வந்து உக்காருடா, நுரை காயுது," என்று சலூன் அண்ணன் அவனை இழுத்துக்கொண்டு போனார்.

பாதிகூட இல்லை. கோட்டுக்குப் பின்னால் எனக்கு மிச்சம் ஆறடி. ஒரு பைக்கை உள்ளே ஏற்றி நிறுத்தினால் நான் வெளியே நின்றுதான் தைக்க வேண்டும்.

ஆனால் அன்றைக்கு என் கவலை அந்த ஆறடி இல்லை, அட்வான்ஸ். எங்கள் ஊர்ப்பக்கம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஓசூரில் கடை வாடகை குறைவாக இருக்கும், அட்வான்ஸ் மலைமாதிரி இருக்கும். பெங்களூர் காற்று இந்தப் பக்கம் அடிக்கிறதல்லவா, அதோடு வந்த வழக்கம். நான் கொடுத்திருந்தது இரண்டு லட்சம். சரி, காலி செய்தால் ஓனர் திருப்பித் தருவாரே என்றால், தருவார். ஆனால் தன் பையிலிருந்து தரமாட்டார். அடுத்து வருகிறவன் கொடுக்கும் அட்வான்ஸை வாங்கி, போகிறவன் கையில் கொடுப்பார். நான் வந்தபோது கொடுத்த பணமும் அப்படித்தான் என் கண் முன்னாலேயே எனக்கு முந்தி இருந்த வெல்டிங் கடைக்காரர் கைக்குப் போனது. அப்போது அது எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. சிவப்புக் கோடு விழுந்த பிறகுதான் உறைத்தது. என் பணம் ஓனரிடம் இல்லவே இல்லை. இனிமேல் வரப்போகிற யாரோ ஒருவன் பையில் இருக்கிறது. நடுவில் கோடு போட்ட கடைக்கு அவன் ஏன் வருவான்?

இன்னொன்றும் உறைத்தது. அந்த இரண்டு லட்சத்தில் ஐம்பதாயிரம் போன பொங்கலுக்குத்தான் ஓனர் கூடுதலாகக் கேட்டு வாங்கியது. தோப்பில் தண்ணீருக்குப் போர் போட வேண்டும் என்றார். போரா, கோடு வரப்போவது தெரிந்து முன்கூட்டியே போட்ட கணக்கா?

"அவரு தோப்புக்குப் போயி தண்ணி வருதான்னு பாத்துட்டு வாங்க. இங்க உக்காந்து ஊசியை உடைக்காதீங்க," என்றாள் மனைவி. அன்று காலையிலிருந்து மூன்று ஊசி உடைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து வேப்பனப்பள்ளிக்குப் பஸ் ஏறினேன். ஓனருக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பு. வீட்டில் தெலுங்கு பேசுவார், எங்களிடம் தமிழ், லாரிக்காரர்களிடம் கன்னடம். நான் போனபோது மாங்கூழ் கம்பெனிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வா தம்பி, பஸ்லயா வந்த? கோடு போட்டுட்டாங்களாமே."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"அன்னைக்கு எல்லா ஓனரும் வந்தாங்க. நீங்க மட்டும் வரலையேய்யா."

"லோடு ஏத்துற நாளு. நான் வந்து என்ன செய்ய, பிரஷ் புடிக்கவா?"

கேட்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்த கேள்வி வாயிலிருந்து விழுந்துவிட்டது. "ரோடு வரப்போறது முன்னாடியே தெரியுமா? பொங்கலுக்கு அம்பது வாங்குனீங்களே."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "தெரிஞ்சிருந்தா அம்பதா கேட்டிருப்பேன்? ஒரு லட்சமா கேட்டிருக்க மாட்டேன்?"

இதில் நியாயம் இருந்தது. நியாயம் இருப்பதே எனக்குப் பயமாக இருந்தது. தயார் செய்து வைத்த பதில்தானே இவ்வளவு நியாயமாக வரும்?

"ஒரு ஆளைக் கூட்டிட்டு வா தம்பி. அவன் குடுக்குறதை அப்படியே உன் கையில குடுக்குறேன். நடுவுல ஒத்த ரூபா தொடமாட்டேன்."

"கோடு போட்ட கடைக்கு எவன்யா வருவான்?"

"வரலைன்னா, கவர்மெண்ட் நஷ்டஈடு வரட்டும். வந்ததும் வாங்கிக்க."

"அது எப்ப வரும்?"

அதற்கு அவர் தோப்பு வீட்டுக்குள் திரும்பித் தெலுங்கில் ஏதோ சொன்னார். உள்ளிருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பை நிறைய மாம்பழம் வந்தது. பணம் கேட்டு வந்தவனுக்குப் பழம். திரும்பும் வழியெல்லாம் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, எதற்குச் சிரித்தார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் மனைவி ஒன்றை நறுக்கித் தின்றுவிட்டு, "பழம் நல்லாத்தான இருக்கு, பழத்து மேலயுமா சந்தேகம்?" என்றாள். நான் தொடவில்லை.

அதற்கப்புறம் ரோட்டில் மஞ்சளாக எது போனாலும் எனக்கு ஜேசிபிதான். ஸ்கூல் வேன் வந்தால்கூட மெஷினை விட்டு எழுந்துவிடுவேன். சலூன் அண்ணன் அசையவில்லை. "எனக்கு ஒரு சேர், ஒரு கண்ணாடி. ஆறடி மிஞ்சினாப் போதும். நீங்க ஏண்ணா பதர்றீங்க? வாடகையை நிறுத்துங்க, அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க," என்றார். கணக்குப் பார்த்தேன். மாதம் ஆறாயிரம். இரண்டு லட்சம் கழிய மூன்று வருடத்துக்கு இரண்டு மூன்று மாதம்தான் குறையும். அதுவரை ரோடு காத்திருக்குமா? பொறுமை இல்லாமல், மனைவியின் சங்கிலியை அடகு வைத்து பாகலூர் ரோட்டில் வேறு கடை பிடித்தேன். மெஷினை அங்கே கொண்டுபோய்ப் போட்டேன். பழைய கடையின் சாவியை மட்டும் விடவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டால் அட்வான்ஸ் என்ற பேச்சையே எடுக்க முடியாது என்று நினைத்தேன். வாடகையை நிறுத்தினால் ஓனர் அதையே சாக்காக வைப்பார் என்று இரண்டு கடைக்கும் வாடகை கட்டினேன்.

ஆள் தேடினேன். இதுநாள் வரை நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். இப்போது வருகிறவர்கள் என்னைச் சந்தேகப்பட்டார்கள். செல்போன் கடை வைக்க வந்த ஒருவர் கோட்டைப் பார்த்ததும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார். அடுத்த ஆள் வருவதற்குள் கோட்டை மறைத்து ஒரு காலண்டரை மாட்டினேன். மனைவி அதைக் கழற்றிவிட்டாள்.

"நாளைக்கு ஜேசிபி வந்தா, ஏமாந்து அட்வான்ஸ் குடுத்தவன் நேரா நம்ம புதுக் கடை வாசல்ல வந்து நிப்பான். உங்களால அதைத் தாங்க முடியுமா? ஸ்கூல் வேனுக்கே எந்திரிக்கிறீங்க."

தாங்க முடியாதுதான்.

பிறகு வந்தவர் டீக்கடை போட நினைத்த ஒருவர். தர்மபுரிப் பக்கத்து ஆள். ஷட்டரைத் தூக்கியதும் நானே கோட்டைக் காட்டினேன். அவர் ஓடவில்லை. காலடி வைத்து உள்பக்கத்தை அளந்தார். கோட்டுக்குப் பின்னால் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இதுவரைக்கும் இடிப்பாங்க. இதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கும், அதானண்ணா?"

"ஆமா. ஆறடி."

"டீக்கடைக்கு அது போதும்ணா. ஒரு பாய்லர், ஒரு பலகை. ரோடு அகலமாச்சுன்னா நின்னு குடிக்க இடமும் ஆச்சு."

இவ்வளவு லேசாக ஒருவன் ஒத்துக்கொள்வானா? ஓனரின் ஆளாக இருக்கும் என்று பட்டது. எனக்குப் பாதிப் பணத்தைக் காட்டி வெளியே தள்ளிவிட்டு, நஷ்டஈடு முழுவதையும் இரண்டு பேரும் பங்கு போடப் பார்க்கிறார்களோ? பேச்சோடு பேச்சாக ஒரு பொறி வைத்தேன்.

"ஓனர் தோப்புல இந்த வருசம் காய்ப்பு எப்படி?"

"எந்தத் தோப்புண்ணா? ஓனரு யாருன்னே இன்னும் நீங்க சொல்லலையே."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும், இவ்வளவு பட்டென்று ஒருவனுக்குப் பதில் வருமா என்று மறுபடி தோன்றியது. மனைவியிடம் சொல்லவில்லை.

ஓனரை வரச்சொன்னேன். இந்த முறை வந்தார், லோடு இல்லாத நாள்போல. டீக்காரர் தெளிவாகச் சொன்னார்: இடிபடப் போகிற கடைக்கு இரண்டு லட்சம் தரமுடியாது, எண்பதாயிரம்தான். ஓனர் பேரம் பேசவே இல்லை. இருவரும் தெலுங்கில் ஏதோ பேசினார்கள். தர்மபுரிக்காரருக்குத் தெலுங்கு எங்கிருந்து வந்தது என்று நான் பார்ப்பதை ஓனர் கவனித்திருக்க வேண்டும்.

"தம்பி, டீக்குச் சர்க்கரை எவ்வளவு போடுவாருன்னு கேட்டேன். எனக்குச் சுகரு," என்றார்.

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

டீக்காரர் கொடுத்த பணக்கட்டை ஓனர் எண்ணாமலேயே என் கையில் வைத்தார். "எண்ணிக்க. ஒத்த ரூபா தொடலை, பாத்துக்க." இரண்டு முறை எண்ணினேன். சரியாக இருந்தது. சாவியைக் கொடுத்தேன். மிச்சம் என்று வாயெடுத்தேன். "நஷ்டஈடு வரட்டும் தம்பி," என்றார். அடகிலிருந்த சங்கிலியை மீட்க அந்தப் பணம் போனது.

இப்போது எதிர்ப்பக்கம் கால்வாய்க்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். எங்கள் பழைய வரிசையை இன்னும் தொடவில்லை. பள்ளத்தால் ரோடு குறுகி, நெரிசல் இரண்டு மடங்காகிவிட்டது. நின்றுபோன பைக்காரர்கள் எல்லாம் இறங்கி டீ குடிக்கிறார்கள். அவரது வியாபாரம் நன்றாக ஓடுகிறது. வாரத்தில் ஒரு நாள் நானும் போய்க் குடிக்கிறேன். நோட்டீஸ் ஏதாவது வந்ததா, ஓனர் வந்தாரா, வந்தால் எதில் வந்தார், நஷ்டஈட்டில் புது வண்டி எடுத்துவிட்டாரா என்று கேட்பேன்.

"பஸ்லதாண்ணா வந்தாரு. செருப்பு பழசு. போதுமா?" என்றார் போன வாரம்.

நேற்று ஓனருக்கே போன் போட்டேன். "எனக்கே வரலை தம்பி, வந்தா உனக்குச் சொல்லாம இருப்பனா?" என்றார். அவர் குரலுக்குப் பின்னால் ஒரு டிராக்டர் ஓடும் சத்தம் கேட்டது. பழைய வண்டி இப்படிச் சீராக ஓடாது. அது யாருடைய டிராக்டர் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். எனக்கு இன்னும் வர வேண்டியது ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.