எட்டுக் கிலோ ஸ்பிரிங்

பார்த்த கணத்திலேயே அந்த நாலு ஸ்பிரிங்கையும் வெறுத்தேன். இரத்தச் சிவப்பு. மனைவியின் தம்பி கனடாவிலிருந்து சுமந்துவந்து, குசினி மேசையில் சாமி வைப்பதுபோல வைத்தான்.

கார் அவனுடையது. போன வருசக் கடைசியில் வாங்கிய பழைய யப்பான் கார். எஞ்சினைப் பிரித்துக் கட்டி, அகல ரயர் போட்டு வைத்திருக்கிறான். வருசத்தில் ஒரு மாதம் அவன் ஓடுவான். மிச்ச நாளெல்லாம் நாங்கள்.

"எட்டுக் கிலோ, அத்தான்."

ஒரு மில்லிமீற்றர் அமுங்க எட்டுக் கிலோ பாரம் வேண்டுமாம். காரில் கிடந்தது மூன்றைத் தாண்டாது.

"நாலு கிலோ காணும்," என்றேன். "எட்டை அடக்க இந்தச் சொக் அப்சோபருக்கு ஏலாது. துள்ளும்."

"நீங்கள் எழுதிற கவிதையைப் பாருங்கோ. ஸ்பிரிங்கை என்னட்டை விடுங்கோ."

"உன்ரை அக்கான்ரை முதுகை மறந்து போனியோ?"

அவளுடைய முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் சண்டைக்காலத்து ஷெல் இரும்புத்துண்டு ஒன்று இருக்கிறது. எடுத்தால் கால் போகும் என்று உள்ளேயே விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் இருக்க மாட்டாள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்ப் பல வருசம். இந்தமுறை கார் இருக்கிறதென்று அரிசி புடைத்து வைத்திருந்தாள்.

"சீற்றுக்குப் பஞ்சு இருக்குத்தானே," என்றான்.

அடித்திருப்பேன். அவள் தேத்தண்ணியோடு வந்துவிட்டாள்.

மறுநாளே பழசைக் கழற்றி எறிந்துவிட்டுப் பூட்டினான். தார் ரோட்டில் ஓமந்தை மட்டும் ஓடிப்போய் முகம் பளபளக்கத் திரும்பி வந்தான். "வளைவில காரின்ரை உடம்பு சரியவே இல்லை!" உண்மைதான். நானும் ஓடிப் பார்த்தேன். கத்தி போலப் போனது, அதற்காகவும் அவனை வெறுத்தேன். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஏ-ஒன்பது நெடுஞ்சாலைதான் வன்னி. கறுத்த, வழுவழுத்த கோடு. எங்கள் வீடு இருப்பதோ வாய்க்கால் கரைக் கிறவல் ரோட்டில்; மண் ஏற்றும் ரிப்பர் லொறிகள் ஓடி ஓடி அது கூரைத்தகரம் போல வரிவரியாய்க் கிடக்கிறது.

பொங்கலன்று அவன் ஓட்டினான். அவள் முன் சீற்றில், மடியில் அரிசிப் பை. நான் பின்னுக்கு. கார் ஓடவில்லை, பல்லை நறநறவென்று கடித்தது. முதல் மதகில் அவள் கை மேலே போய்க் கைப்பிடியைப் பிடித்தது. இரண்டாவது மதகில் வாயிலிருந்து ஒரு சத்தம், மிருகத்தின் சத்தம்.

"தம்பி, நிப்பாட்டு."

இறங்கினாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். அவன் பின்னால் ஓடினான்.

"அக்கா, மெல்லமாப் போறன், ஏறு."

"நீ ஓமந்தைக்குப் போ."

அதற்குப் பிறகு வாய்க்கால் கரையில் நானும் அவனும் கத்தியதை எழுத மாட்டேன். வயல்காரர் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நின்று கேட்டார்கள். மிச்ச லீவு முழுக்க ஒரே குசினியில் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டோம்.

அவன் பிளேன் ஏறியதும் வவுனியாவில் பழைய சாமான் கடைகளைக் கிளறினேன். கிடைத்த நாலு ஸ்பிரிங்கில் ஒன்றை இரண்டு பலகைக்கு நடுவே நிறுத்தி, எழுபது கிலோ நெல்மூட்டையை ஏற்றி, அடிமட்டம் வைத்து அளந்தேன். பதினேழு மில்லிமீற்றர் இறங்கியது. நாலுக்குச் சற்று மேல். பூட்டினேன். சிவப்பு நாலும் கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுக்கப் போயின.

முகநூலில் காரின் படம் போட்டதும் அவனிடமிருந்து போன் வந்தது. "காரை மாட்டுவண்டி ஆக்கிப்போட்டியள்."

"ஓம்," என்று வைத்துவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை வற்றாப்பளைக்கு வெளிக்கிட்டோம். முதல் மதகில் ரோட்டைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தேன். மடியில், அரிசிப் பையின் மேல் கிடந்தது. இரண்டாவது மதகிலும் அங்கேயே.

"என்ன பாக்கிறியள்? ரோட்டைப் பாருங்கோ," என்றாள்.