சலைன் குழாயில் சொட்டிய சுண்ணாம்புத் தண்ணீர்

என் கணவர் டைபாய்டில் படுத்தபோது எனக்கு இரண்டு நோயாளிகள். அவர் விழுப்புரம் ஆஸ்பத்திரியில். இன்னொன்று, திண்டிவனத்தில் எங்கள் வீட்டு ஹாலில் இருந்த கடல்நீர்த் தொட்டி. கல்லூரியில் விலங்கியல் நடத்திய அவர், அதில் உயிருள்ள பவளம் வளர்த்தார்.

பவளம் வளர வளர, தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் காரத்தன்மையும் குறைந்துபோகும். அதை ஈடுகட்ட, தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைத் தினமும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் தொட்டியே பால்போலக் கலங்கிவிடும். ஆகவே தினமும் பஸ் பிடித்து வந்து, இங்க் ஃபில்லரும் கையுமாகத் தொட்டியருகே உட்கார்ந்திருப்பேன். கழுத்து விட்டுப்போகும். திரும்பிப் போனதும் அவர் கேட்பது ஒன்றுதான்: "பவளம் விரிஞ்சிருக்கா?"

ஒரு நாள் அவர் கட்டிலருகே நின்றபடியே தூங்கி விழப்போனேன். நர்ஸ் ஒருவர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, சாப்ட்டீங்களா இல்லியா? எதுக்கு டெய்லி ஊட்டுக்கு ஓடிக்கினு இருக்கீங்க?"

காரணத்தைச் சொன்னேன். நர்ஸ் சிரிக்கவில்லை. காலியான சலைன் பாட்டிலையும் குழாயையும் கழுவிக் கொண்டுவந்து தந்தார்.

"இந்தச் சக்கரத்த திருகி வுட்டா அதுவே சொட்டிக்கினு இருக்கும். நீங்க படுத்துத் தூங்குங்க."

அன்று பாட்டிலை ஆணியில் மாட்டிவிட்டு, தொட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் தூங்கிப்போனேன்.

குணமாகி வீட்டுக்கு வந்தவர் நேராகத் தொட்டிக்குத்தான் போனார். குழாயை உற்றுப் பார்த்து, "கொஞ்சம் வேகமா வுழுதே" என்று சக்கரத்தைத் திருகினார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. நான் சாப்பிட்டேனா என்று முன்பின் தெரியாத ஒரு பெண் கேட்டிருந்தாள். அவரைத் தொட்டியோடு விட்டுவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.