சித்தி பேசியதை எழுதிய நோட்டு

நாலாம் வகுப்பில் நான் லீடர். எங்கள் கான்வென்டில் லீடருக்கு முக்கியமான வேலை ஒன்றுதான். டீச்சர் இல்லாத நேரத்தில் தமிழில் பேசுகிறவர்கள் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் நான் புலி. உயிர்த்தோழி பெயரைக்கூட விட்டதில்லை. பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். திண்டுக்கல்லில் தமிழுக்காக எந்தக் கூட்டம் நடந்தாலும் மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. விஷயம் தெரிந்ததும் பள்ளிக்கே வந்து சண்டை போட்டார். எனக்கு மானமே போய்விட்டது.

அந்த வருஷம்தான் சித்தப்பா கத்தாரிலிருந்து சித்தியையும் இரண்டு வயது மகனையும் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். சித்தி பிலிப்பைன்ஸ்காரி, கத்தாரில் நர்ஸாக இருந்தவள். சர்ச்சில் பூசைக்கு வந்தால் பாதிப்பேர் பீடத்தை விட்டுவிட்டு அவளைத்தான் பார்ப்பார்கள். எங்களிடம் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவாள். மகனிடம் மட்டும் நாள் முழுக்கப் பிலிப்பினோதான்.

“எங்க நாடு தீவு தீவு. ஒவ்வொண்ணுல ஒரு பேச்சு. என் வீட்ல பேச்சு வேற,” என்று ஒருநாள் எனக்குச் சொன்னாள். “பிலிப்பினோ ஸ்கூல்ல படிச்சேன். கத்தார்ல எல்லாத் தீவுப் பொண்ணும் அதுதான் பேசும். அது கேட்டா, நம்ம நாட்டு ஆளுன்னு தெரியும்.”

பையன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. காதைப் பரிசோதிக்க வேண்டும் என்று சித்திதான் முதலில் சொன்னாள்.

“எங்க வம்சத்துல யாருக்கும்மா காது கேக்காமப் போச்சு?” என்றார் பெரியப்பா. “கண்ட பாஷையும் விழுந்தா பிள்ள எதத்தான் பேசுவான்? இனிமே அவனுக்குத் தமிழ் மட்டுந்தான். மீறினா எரியோட்டுக்கு அனுப்பிருவேன், அவன் அத்தை வளக்கட்டும்.” சித்தப்பாவும் போனில் அண்ணன் சொல்படி கேட்கச் சொல்லிவிட்டார்.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டுப் புது நோட்டு ஒன்று கொடுத்தார். “ஏத்தா, அவ அந்தப் பாஷை பேசுனா குறிச்சு வையி.” என் பள்ளியோடு சண்டை போட்ட அதே பெரியப்பாதான். அவருக்கும் அது உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. வீட்டிலும் லீடராகிவிட்ட பெருமைதான் எனக்கு.

காலையில் குளிப்பாட்டும்போது, பேச்சு. சோறு ஊட்டும்போது, பாட்டு. எல்லாம் எழுதினேன். ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எழுதாத கண்ணு. அவனத் தூக்கிருவாங்க.” அதையும் எழுதினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பெரியப்பா நோட்டை வாசித்தார். மதியமே எரியோட்டு அத்தை வந்து பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு சித்தி அவனைத் தன் மொழியில் கூப்பிட்டாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள். தெரு முனைவரைக்கும் அவன் திரும்பிப் பார்க்கவேயில்லை.

“பாத்தியா? அவனுக்கே அந்தப் பாஷை வேணாம்,” என்றார் பெரியப்பா. நானும் தலையாட்டினேன்.

நாலு மாதம் கழித்து எரியோட்டு சர்ச் திருவிழாவில் சப்பரம் புறப்பட்டபோது அவன் காலடியிலேயே வெடி வெடித்திருக்கிறது. மற்றப் பிள்ளைகள் அலறியிருக்கிறார்கள். அவன் அசையவில்லை. மதுரையில் டாக்டரிடம் காட்டினார்கள். பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் கேட்கவில்லை.

பையனைச் சித்தியிடம் திருப்பிக் கொடுத்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சித்தி அவனை மடியில் வைத்துச் சோறு ஊட்டினாள், வாய் திறக்காமல். இனி எந்தப் பாஷையும் பேசலாம் என்று பெரியப்பா சொன்ன பிறகும் அவள் பேசவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. “அவனுக்குக் கேக்காதுன்னு முன்னாடியே சந்தேகப்பட்டீங்கள்ல சித்தி, அப்புறம் ஏன் அவன்கிட்ட அம்புட்டுப் பேசுனீங்க?”

சித்தி தன் மொழியில் ஏதோ ஒரு வரி சொன்னாள். தமிழில் சொல்லுவாள் என்று செத்த நேரம் நின்றேன். சொல்லவில்லை. கேட்காத பிள்ளையிடம் வாயை வீணாக்கிய பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன். அந்த மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ள அந்த வீட்டில் அவளுடைய காது மட்டும்தான் இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.