லொறி வராத வீடு

கண்டிக்குப் பக்கத்தில், எங்கள் அம்பிட்டிய வீட்டில் அப்பாவின் கட்டிலுக்கடியில் இன்னும் ஒரு சொப்பிங் பேக் கிடக்கிறது. உள்ளே பிய்ந்த செருப்பும் வெறும் பால்மாப் பெட்டிகளும்தான். வாயை அப்பா இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கியிருக்கிறார்.

அப்பா கண்டி மாநகரசபையில் துப்புரவுத் தொழிலாளர்களை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தவர். பெரஹரா ஊர்வலம் முடிந்த மறுநாள் விடியும்போது தெருவில் ஒரு கடலைச் சுருள்கூடக் கிடக்கக்கூடாது அவருக்கு. பென்சன் எடுத்த பிறகு ஞாபகம் தடுமாறத் தொடங்கியது. அம்மா காலையில் குப்பையைக் கட்டி, குப்பை லொறிக்காக வாசலில் வைப்பார். அப்பா அதைத் தூக்கிவந்து கட்டிலுக்கடியில் பத்திரப்படுத்திவிடுவார், அடுத்த வீட்டுக் குப்பையையும் சேர்த்து. "லொறி இன்னும் வரல்ல. ரோட்டுல கெடந்தா டவுனுக்கே கேவலம்" என்பார். லொறி வாசலில் நின்று ஹோன் அடிக்கும்போதும் அதையேதான் சொல்வார். அக்கம்பக்கம் சிரித்தது. "என்னைய அவமானப்படுத்தணும்னே செய்யிறாரு" என்று அம்மா அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். சோறு போட்டு வைப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். குப்பை நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அந்த மௌனத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் வேலை ஆய்வுகூடத்தில், இறந்தவர்களின் மூளைத்திசுவை மெல்லியதாகச் சீவி நிறமேற்றுவது. ஒரு நாள் அம்மாவை உட்காரவைத்து, நான் அங்கே பார்ப்பதைச் சொன்னேன். மூளையின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் கழிவைக் கரைக்கவென்றே லைசோசோம் என்ற நுண்ணிய பைகள் இருக்கின்றன. நல்ல மூளையில் அவை கரைத்துக் கரைத்து இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கும். மறதி நோயில் சிதைந்த மூளையிலோ அவை கரைக்க முடியாமல் வீங்கி, நிறைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். அப்பா வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை அம்மா, என்றேன்.

அம்மா, "அப்ப அவரு தலைக்குள்ளயும் லொறி வரல்லயா?" என்று கேட்டு அழுதார். அன்றிலிருந்து அவரே அப்பாவுக்கு ஊட்டிவிட்டார், ஊர்க்கதையெல்லாம் சொன்னார். ஆனால் அதற்குள் அப்பா வாசலுக்குப் போவதையும் பேசுவதையும் விட்டிருந்தார். ஒரு பதிலும் வராமலே, அப்பா கண்மூடும் நாள்வரை அம்மா பேசிக்கொண்டிருந்தார். கொஞ்சம் முந்திச் சொல்லியிருக்கலாமே என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் அறையைக் கூட்டும்போது அந்தப் பையை எடுத்து வாசலில் வைத்தேன். லொறி வந்து நின்றது. உள்ளேயிருந்து அம்மா ஓடிவந்து பையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். லொறிக்காரர் காத்திருந்தார்.

"லொறி இன்னும் வரல்ல" என்றார் அம்மா.